வைக்கிங்ஸ் தொடரை நயத்தல்: வரலாறும் சாகாவும் சின்னத்திரையும்

முன்னுரை

வரலாற்றுக் கதைகளை நயக்கும் உள்ளத்திற்கும் வரலாற்றை ஆராயும் உள்ளத்திற்கும் இடையே ஓயாத ஒரு பூசல் உண்டு. முன்னது கதையோடு ஒன்றிவிட விழைகிறது. பின்னதோ, ‘இது நடந்ததா, இதற்குச் சான்று என்ன?’ என்று இடையிடையே குறுக்கிட்டுக் கொண்டே இருக்கிறது. இப்பூசலைத் தெளிவாகக் காட்டும் அண்மைக்காலப் படைப்புகளுள் ஒன்று ‘வைக்கிங்ஸ்’ என்னும் தொலைக்காட்சித் தொடராகும். மைக்கேல் ஹெர்ஸ்ட் படைத்த இத்தொடர் 2013 மார்ச் முதல் 2020 டிசம்பர் வரை ஆறு பருவங்களாக, 89 பகுதிகளாக வெளிவந்தது. அயர்லாந்தும் கனடாவும் இணைந்து தயாரித்த இத்தொடரை ஹிஸ்டரி அலைவரிசை ஒளிபரப்பியது. இறுதிப் பருவத்தின் பிற்பாதி அமேசான் பிரைம் இணையத்தளத்தில் முதலில் வெளியிடப்பட்டது. ‘ஹிஸ்டரி’ என்ற பெயர் தாங்கிய அலைவரிசையில் வந்தமையாலேயே, இதனை வரலாறாகவே கொண்டவர் பலர். வரலாற்றைத் திரித்துவிட்டது என்று சினந்தவரும் பலர்.

வகுப்பில் ஒரு மாணவர், “ஐயா, ‘இரத்தக் கழுகு’ என்னும் தண்டனை உண்மையிலேயே இருந்ததா?” என்று வினவியதே இக்கட்டுரைக்கு வித்திட்டது. ‘அது வெறும் கதை’ என்று ஒரு சொல்லில் விடையிறுத்து அன்று தப்பித்துக் கொண்டேன். பின்னர்த் தொடரை முழுமையாகப் பார்த்து, அது பயன்படுத்திய மூலங்களையும் இயன்றவரை பயின்றபோது, அன்று நான் கூறிய விடை சோம்பலின் விளைவு என்பது புலனாயிற்று. ‘வெறும் கதை’ என்று ஒதுக்கப்படுவது எங்கே தோன்றியது, எவ்வாறு வளர்ந்தது என்று அறிவதும் நயப்பின் ஒரு கூறாகும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

ஒருவன் வாழ்வில் ஒரு நூற்றாண்டு

தொடரின் தலைவன் ராக்னார் லோத்புரோக். முதற்பருவத்தில் அவன் ஓர் எளிய உழவன்; கோடைதோறும் கிழக்கே பால்டிக் நாடுகளைக் கொள்ளையிடச் செல்பவருள் ஒருவன். மேற்கே செல்வமிகு நாடு ஒன்று உண்டு என அவன் நம்புகிறான். அவனுடைய தலைவன் ஹரால்ட்சன் அதனை ஏற்க மறுக்கிறான். இரகசியமாகக் கப்பல் கட்டுவித்து மேற்கே செல்லும் ராக்னார், 793இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள லிண்டிஸ்பார்ன் துறவியர் மடத்தைத் தாக்குகிறான். கதையின் தொடக்க முடிச்சு இதுவே.

முடிச்சு சுவையானது, ஆயினும் வரலாற்றோடு பொருந்தாது. ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பின்படி, 789 அளவிலேயே வடபுலத்தாரின் மூன்று கப்பல்கள் இங்கிலாந்தின் தென்கரையை அடைந்தன. அவர்களை வணிகர் எனக் கருதி விசாரிக்கச் சென்ற அரச அலுவலர் கொல்லப்பட்டார். இதனினும் சுவையான சான்று ஒன்று உண்டு. லிண்டிஸ்பார்ன் அழிவைக் கேட்டு வருந்திய அல்குயின் என்னும் அறிஞர் நார்தம்பிரிய மன்னனுக்கு எழுதிய மடலில், அந்நாட்டார் தலைமுடியிலும் தாடியிலும் அப்பிற சமயத்தாரின் பாணியைப் பின்பற்றியதைக் கடிந்துரைக்கிறார். தாக்குதலுக்கு முன்னரே இருசாராரும் நன்கு பழகியிருந்தாலன்றி முடி திருத்தும் பாணி பரவியிருக்க இயலாது. அறியாத கடலைத் துணிந்து கடந்த முதல்வன் என்னும் தொடரின் படிமம் இம்மடலின் முன் நிற்பதில்லை.

காலக் குழப்பம் இன்னும் பெரிது. வெசெக்ஸ் மன்னன் எக்பர்ட் 839இல் இறந்தான். நார்தம்பிரிய மன்னன் ஏலா 867இல் யார்க் நகரில் கொல்லப்பட்டான். தொடரில் இவ்விருவரும் சமகாலத்தவராய்ச் சூழ்ச்சி செய்கின்றனர். பாரிஸ் மீதான முதல் தாக்குதல் 845இல் நிகழ்ந்தது. 120 கப்பல்களில் வந்தவர்க்குப் பிராங்கிய மன்னன் வழுக்கைத்தலைச் சார்ல்ஸ் 7,000 பவுண்டு வெள்ளி கொடுத்து அனுப்பினான். பாரிஸின் பெருமுற்றுகை 885-886இல் நிகழ்ந்தது. தொடர் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. எல்லாவற்றினும் வியப்பானவன் ரோலோ. தொடரில் இவன் ராக்னாரின் உடன்பிறந்தான். லிண்டிஸ்பார்ன் தாக்குதலிலும் பங்கு கொண்டவன். வரலாற்று ரோலோவுக்குப் பிராங்கிய மன்னன் நார்மண்டி நிலப்பகுதியை வழங்கியது 911இல். 793இல் இவனுக்கு இருபது வயது எனக் கொண்டால், நிலம் பெற்றபோது 138 வயதாகியிருக்கும்! இவனுடைய வழித்தோன்றலே 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய வில்லியம் என்பதை நினைவிற் கொண்டால், தொடர் இவனை விட்டுவிட மனமின்றிக் கதைக்குள் இழுத்துக் கொண்டதன் காரணம் விளங்கும்.

இடங்களும் அவ்வாறே. தொடரில் ராக்னாரின் ஊர் ‘கட்டேகாட்’. உண்மையில் அது டென்மார்க்கிற்கும் சுவீடனுக்கும் இடைப்பட்ட கடற்பரப்பின் பெயர். உப்சாலா கோயில் தொடரில் மலைச்சூழலில் அமைந்திருக்கிறது. பழைய உப்சாலாவோ சமவெளி. அங்கே உயர்ந்து நிற்பவை பெரிய ஈமமேடுகள் மட்டுமே. இப்பிழைகளைக் கண்டு சுவீடன் நாட்டார் நகைத்ததில் வியப்பில்லை.

சாகாக்கள் செய்த வேலை

இத்துணைப் பிழைகளைச் சுட்டியபின், ‘இத்தகைய தொடரை ஏன் பார்க்க வேண்டும்?’ என்னும் வினா எழுவது இயல்பே. அதற்கு விடை காண ராக்னாரின் மூலக்கதையை நோக்குதல் வேண்டும்.

ராக்னார் என்றொருவன் வாழ்ந்தானா என்பதே ஐயத்திற்குரியது. 845இல் பாரிஸைத் தாக்கிய தலைவன் ரெகின்ஹெரி என்னும் பெயரினன். 865இல் கிழக்கு ஆங்கிலியாவில் இறங்கிய பெரும்படையின் தலைவர்களாக ஈவாரும் ஹால்ஃப்டானும் குறிக்கப்படுகின்றனர். இவர்கள் அனைவரையும் ஒரே குடும்பமாக்கி, தந்தை, மைந்தர், தந்தையின் கொலை, மைந்தரின் பழிவாங்கல் என்று கோத்தவர்கள் பின்வந்த கதைசொல்லிகள். டென்மார்க்கின் சாக்சோ கிராமட்டிக்கஸ் 1200ஐ ஒட்டி இலத்தீனில் எழுதிய டேனியர் வரலாற்றின் ஒன்பதாம் நூலில் ராக்னார் வருகிறான். 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுந்த ‘ராக்னார் லோத்புரோக் சாகா’ அவன் கதையை விரித்துரைக்கிறது. சாகா என்பது ஐஸ்லாந்திய மொழியின் உரைநடைக் கதையிலக்கியம். அதனை எழுதியவர்கள் கிறித்தவர்கள்; தாம் கைவிட்ட பழஞ்சமயத்து முன்னோரைப் பற்றி, நானூறு ஆண்டுகட்குப் பின்னர் எழுதியவர்கள்.

ஆகவே, நூறாண்டு நிகழ்ச்சிகளை ஒருவன் வாழ்வில் அடைத்த குற்றத்தை மைக்கேல் ஹெர்ஸ்ட் மீது மட்டும் சுமத்துதல் தகாது. சிதறிக் கிடந்த பெயர்களைக் குருதியுறவால் பிணைப்பது சாகா மரபின் பழைய உத்தி. தொடர் அதனையே மேலும் ஒரு படி நீட்டியது. ரோலோவைத் தம்பியாக்கியதும், ஆல்ஃபிரட் மன்னனை ஏதெல்ஸ்டன் என்னும் துறவியின் மறைமுக மகனாக்கியதும் அந்நீட்சியின் விளைவுகள். சாகாவைப் பயின்றவர்க்கு இத்தொடர் வரலாற்றைக் கெடுத்த படைப்பாகத் தோன்றாது. பிந்தி எழுந்த மற்றுமொரு சாகாவாகவே தோன்றும்.

அஸ்லாக் வரும் காட்சி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. சாகாவில் ராக்னார் அவளுடைய அறிவைச் சோதிக்க ஒரு நிபந்தனை விதிக்கிறான்: ஆடையுடனும் வரலாகாது, ஆடையின்றியும் வரலாகாது, உண்டும் வரலாகாது, உண்ணாமலும் வரலாகாது, தனித்தும் வரலாகாது, மனிதத் துணையோடும் வரலாகாது. அவள் மீன்வலையைப் போர்த்தி, லீக் என்னும் பூண்டு வகையைச் சற்றே கடித்து, ஒரு நாயுடன் வந்து நிற்கிறாள். தொடர் இதனை அப்படியே எடுத்துக்கொண்டு, பூண்டுக்கு மாற்றாக ஆப்பிளைக் கொடுத்திருக்கிறது. (நாற்றம் கருதிச் செய்த மாற்றமாக இருக்கலாம்!) சாகாவை அறியாதவர்க்கு இது புதுமையான ஒரு காதற்காட்சி. அறிந்தவர்க்கோ, எழுநூறு ஆண்டுகட்கு முந்திய விடுகதை ஒன்று திரையில் உயிர்பெற்று நடந்துவருவதைக் காணும் களிப்பு.

இரத்தக் கழுகு: ஒரு வேற்றுமைச் சிக்கல்

மாணவரின் வினாவுக்கு இப்போது வருவோம். இரண்டாம் பருவத்தின் ஏழாம் பகுதியில் போர்க் என்னும் தலைவனுக்கு ராக்னார் ‘இரத்தக் கழுகு’த் தண்டனை அளிக்கிறான். முதுகைப் பிளந்து, விலாவெலும்புகளை முதுகெலும்பினின்று பிரித்து, நுரையீரல்களை வெளியே இழுத்துச் சிறகுகள்போல் விரித்து வைத்தல் என்பது அத்தண்டனையின் வடிவமாகச் சொல்லப்படுகிறது. தொடர் இதனைக் குரூரக் காட்சியாக்காமல், ஒரு சடங்கின் அமைதியோடு காட்டியது. வலியில் அலறினால் வல்ஹல்லா என்னும் வீரசுவர்க்கம் கிட்டாது என்னும் விதி தொடரின் கற்பனை. அவ்விதியாலேயே காட்சியின் இறுக்கம் கூடுகிறது.

இத்தண்டனைக்கு நாம் காட்டத்தக்க மிகப் பழைய சான்று, சிக்வத்தர் என்னும் ஐஸ்லாந்தியப் புலவர் 11ஆம் நூற்றாண்டில் குனூத் மன்னனைப் புகழ்ந்து பாடிய பாடலின் அரைப்பாட்டு ஒன்றே. யார்க்கில் அமர்ந்திருந்த ஈவார், ஏலா மன்னனின் முதுகைக் ‘கழுகு’ என்னும் சொல் சேர ஏதோ செய்வித்தான் என்பது அதன் பொருள். சிக்கல் அந்த ‘ஏதோ’வில்தான் இருக்கிறது. ஸ்கால்டுகள் எனப்படும் அவ்வடபுலப் புலவர்கள் சொற்களைத் தொடரமைதியினின்று பிரித்து, யாப்பின் தேவைக்கேற்ப எங்கும் இடுவர். எச்சொல் எதனோடு இயையும் என்பதை வேற்றுமையுருபு கொண்டே உணர வேண்டும். நம் உரையாசிரியர்கள் ‘கொண்டுகூட்டு’ என்பார்களே, ஏறத்தாழ அதுவே. இப்பாட்டில் கழுகைக் குறிக்கும் சொல், வெட்டுதல் என்னும் வினையோடு இயையும் வேற்றுமையில் நிற்கிறது. அதனைக் ‘கழுகு வடிவமாக’ முதுகில் வெட்டுவித்தான் எனவும் கொள்ளலாம்; ‘கழுகினால்’, அதாவது கழுகே வெட்டும்படி செய்தான் எனவும் கொள்ளலாம். நம் மூன்றாம் வேற்றுமை கருவிப்பொருளிலும் கருத்தாப்பொருளிலும் வரும் என்று வகுப்பறையில் கற்பிக்கின்றோம். அவ்வேறுபாட்டை ஒத்த ஒரு மயக்கத்தில் ஒரு மனிதனின் முதுகும் ஓர் இனத்தின் பெயரும் சிக்கிக் கொண்டன.

ரோபர்ட்டா ஃபிராங்க் 1984இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் இரண்டாம் பொருளையே வலியுறுத்தினார். ஈவார் ஏலாவைப் போரில் கொன்று, பிணத்தைக் கழுகுக்கு இரையாக்கினான். குப்புற வீழ்ந்த பகைவனின் முதுகைக் கழுகு கிழித்தது. அவ்வளவே பாட்டின் பொருள் என்பது அவர் முடிபு. வடபுலப் போர்ப்பாடல்களில் கழுகும் காக்கையும் ஓநாயும் பிணம் தின்ன வருவது மாறாத மரபு. ‘கழுகுக்கு ஊட்டுபவன்’ என்றாலே வீரன் எனப் பொருள்படும். சுவீடனில் கிரிப்ஸ்ஹோல்ம் கோட்டையருகே நிற்கும் 11ஆம் நூற்றாண்டு ரூன் எழுத்துக் கல், தொலைநாட்டில் இறந்த மகனுக்குத் தாய் எடுப்பித்த நினைவுக்கல். கழுகு பற்றிய இவ்வழக்கு அதிலும் உண்டு. புறத்திணையும் பரணியும் பயின்றவர்க்கு இம்மரபை விளக்க வேண்டியதில்லை. போர்க்களத்துப் பருந்தையும் பேயையும் அறிந்த தமிழாசிரியர் ஒருவர், அப்பாட்டின் பொருளை ஃபிராங்கின் வழியிலேயே கொள்ளக்கூடும் என்று நான் எண்ணுவதுண்டு.

பின்வந்தோர் மரபை மறந்தனர். பாட்டு மட்டும் எஞ்சியது. சாக்சோவின் நூலில் முதுகில் கழுகுருவம் கீறப்பட்டு, காயத்தில் உப்பிடப்படுகிறது. அடுத்தடுத்த சாகாக்களில் விலாவெலும்புகள் வெட்டப்படுகின்றன; நுரையீரல்கள் வெளிவருகின்றன. நூலுக்கு நூல் கொடுமை வளர்ந்து, இறுதியில் தொலைக்காட்சியை வந்தடைந்தது. ஃபிராங்கின் கருத்தை எல்லாரும் ஏற்றுவிட்டனர் என்று சொல்வதற்கில்லை. 2022இல் ‘ஸ்பெக்குலம்’ ஆய்விதழில் வந்த கட்டுரை ஒன்று, அத்தண்டனை உடற்கூற்றியல்படி செய்யக்கூடியதே என்றும், ஆயினும் சடங்கு முடியுமுன்னரே உயிர் பிரிந்திருக்கும் என்றும் காட்டியது. செய்ய முடியும் என்பது செய்தார்கள் என்பதற்குச் சான்றாகாது. எனினும், ‘வெறும் கதை’ என்று நான் ஒருசொல்லில் முடித்ததும் பிழையே. ஒரு சமூகத்தைக் கொடியோர் என்று உலகம் நினைவுகூர்வதற்கு ஓர் அரைப்பாட்டின் இலக்கணமும் காரணமாகலாம் என்பதை அம்மாணவருக்கு அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

சான்றுகளைத் தொடர் கையாளும் முறை

தொடர் மூலங்களைப் பயிலாமல் எடுக்கப்பட்டதன்று. முதற்பருவத்தில் ஹரால்ட்சனின் இறுதிச்சடங்கு வருகிறது. இறந்தவனுடன் செல்ல அடிமைப்பெண் ஒருத்தி முன்வருதலும், சடங்கை நிகழ்த்தும் முதுமகளும், எரியும் கப்பலும் 922இல் வோல்கா ஆற்றங்கரையில் இபுனு ஃபட்லான் நேரிற்கண்டு அரபியில் எழுதிய குறிப்பைத் தழுவியவை. பாக்தாத் கலீஃபாவின் தூதுக்குழுவில் சென்ற அவர், ரூஸ் எனப்பட்ட வடபுல வணிகரின் சடங்கை அருவருப்போடும் வியப்போடும் பதிந்திருக்கிறார். அவர் கண்ட கப்பல் கரைமேல் இழுத்துவைத்து எரிக்கப்பட்டது. உப்சாலா பலிக்காட்சி, 1070களில் பிரேமன் நகர ஆதாம் எழுதிய குறிப்பினின்று வந்தது: ஒன்பது ஆண்டுகட்கொரு முறை விழா, ஒவ்வொரு வகை உயிரிலும் ஆண் ஒன்பது பலி. ஆதாம் உப்சாலாவை நேரிற் கண்டவரல்லர், கேட்டதை எழுதியவர், திருச்சபை சார்ந்தவர். இவ்விரு சான்றுகளும் ஒரே தரத்தன அல்ல. ஆனால் திரைக்கு அந்த வேறுபாடு தெரியாது. இரண்டையும் ஒரே ஒளியில்தான் காட்ட முடியும். ஆசிரியருக்கு இங்கே வேலை இருக்கிறது.

கப்பல்களைப் பொறுத்தமட்டில் தொடர் மனநிறைவு தருவது. பலகைமேல் பலகை சற்றே படியுமாறு வைத்து இரும்பாணியால் இணைத்துக் கட்டும் முறையும், ஆழமற்ற ஆற்றிலும் செல்லவல்ல அடிப்பகுதியும் ஓரளவு சரியாகவே காட்டப்பட்டுள்ளன. 1880இல் நார்வேயில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கோக்ஸ்டாட் கப்பல் ஏறத்தாழ 23 மீட்டர் நீளமும் 32 துடுப்புத் துளைகளும் உடையது. அதன் படியெடுப்பு 1893இல் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து அமெரிக்கா சென்றது. டென்மார்க்கின் ரோஸ்கில்ட் நீரிணையில் கண்டெடுக்கப்பட்ட ஐந்து கப்பல்களுள் நீளமானது 1042 அளவில் டப்ளின் வட்டாரத்து ஓக் மரத்தால் கட்டப்பட்டதென மரவளையங்கள் காட்டின. அதன் படியெடுப்பு 2007இல் ரோஸ்கில்டிலிருந்து டப்ளின் வரை பாய்விரித்துச் சென்றது. தொடர் பெரும்பாலும் படமாக்கப்பட்டதும் டப்ளினுக்குத் தெற்கேயுள்ள விக்லோ மாவட்டத்தில்தான். விக்லோ என்னும் ஊர்ப்பெயரே நார்சு மொழியினின்று வந்ததென்பர்.

கொம்பு வைத்த தலைக்கவசத்தைத் தொடர் ஒதுக்கியது பாராட்டத்தக்கது. அது வைக்கிங் காலத்ததன்று; 1876இல் வாக்னரின் இசைநாடகத்திற்கு ஆடை வடிவமைத்த டோப்ளர் பரப்பிய கற்பனை. ஆயினும், தொடரின் தலைவர்கள் எந்தக் கவசமும் அணியாமல் வெறுந்தலையுடன் போர்புரிவது நடிகரின் முகம் தெரியவேண்டும் என்பதற்காகவே. அதனை மன்னித்துவிடலாம்.

இருமொழி வாயில்

மொழியாசிரியர் இத்தொடரில் ஊன்றி நோக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வடபுலத்தார் தமக்குள் பேசும்போது நாம் கேட்பது ஆங்கிலம். சாக்சானியர் தமக்குள் பேசும்போதும் ஆங்கிலமே. இருசாராரும் எதிர்ப்படும் வேளையில் மட்டும் ஒருவர் பழைய நார்சையும் மற்றவர் பழைய ஆங்கிலத்தையும் பேசுகின்றனர். நாம் யார் பக்கம் நின்று பார்க்கிறோமோ அவர் மொழி நமக்கு விளங்குகிறது. எதிரில் நிற்பவர் மொழி வெற்றொலியாகிவிடுகிறது. அந்நியன் என்பவன் யார் என்பதை ஒரு விளக்கவுரையுமின்றிக் காதுவழி உணர்த்தும் உத்தி இது. மொழிபெயர்ப்பாளனாக நிற்கும் ஏதெல்ஸ்டன் இருபக்கமும் நம்பாத, இருபக்கமும் விரும்பும் மனிதனாகிறான். மூன்றாம் பருவத்தில் அவன் கொல்லப்பட்டபின், ராக்னார் அவனுடலைச் சுமந்து மலையேறி, தன் கையால் குழிதோண்டிப் புதைத்துப் பேசும் காட்சியைத் தொடரின் உச்சம் என்றே கருதுகிறேன். எந்தப் போர்க்காட்சியும் அதற்கு ஈடாகாது. ராக்னாரின் மறைவுக்குப்பின் தொடர் மெலிந்ததற்கும், இத்தகைய உரையாடல் அதன்பின் அமையாமற் போனதே காரணம் எனலாம்.

வரலாற்றில் அவ்விருமொழிகளும் நெருங்கிய உறவுடையன. ஒருவர் பேச்சை மற்றவர் பெரும்பாலும் புரிந்துகொண்டிருப்பர் என மாத்யூ டவுனெண்ட் வாதிட்டிருக்கிறார். அவ்வாறாயின் ஏதெல்ஸ்டனுக்கு இத்துணை வேலை இருந்திராது. அந்நெருக்கத்தின் விளைவே இன்றைய ஆங்கிலத்தில் வேரூன்றியிருக்கும் நார்சுச் சொற்கள். சட்டத்தைக் குறிக்கும் ‘லா’, வானத்தைக் குறிக்கும் ‘ஸ்கை’, முட்டையைக் குறிக்கும் ‘எக்’ ஆகியன கொள்ளைக்காரர் விட்டுச்சென்றவை. குடியேறி, மணந்து, அண்டை வீட்டாராய் வாழ்ந்தாலன்றி முட்டைக்கான சொல்லை ஒரு மொழி கடன் வாங்காது. ‘விண்டோ’ என்னும் சொல்லின் மூலம் ‘விந்தௌகா’. அதன் பொருள் ‘காற்றின் கண்’. காற்று வரும் வழியைக் ‘காலதர்’ என்ற நம் பழஞ்சொல்லை இதனோடு சேர்த்துக் காட்டினால் வகுப்பறை விழித்துக்கொள்ளும் என்பது என் பட்டறிவு.

லகெர்த்தாவும் பிர்க்கா கல்லறையும்

ராக்னாரின் முதல் மனைவியாகிய லகெர்த்தா, கேடயமேந்திப் போர்புரியும் மகள். ஐஸ்லாந்திய சாகாவில் இவள் இல்லை. சாக்சோவின் நூலில் மட்டுமே வருகிறாள். வாளேந்திய மகளிரைப் பண்டைக்கால விசித்திரமாகக் காட்டுவதில் சாக்சோவுக்கு விருப்பம் அதிகம். எனவே லகெர்த்தா கற்பனை என்றே நெடுங்காலம் கருதப்பட்டாள்.

சுவீடனின் பிர்க்காவில் 1878இல் அகழப்பட்ட ஒரு கல்லறையில் வாள், கோடரி, ஈட்டிகள், அம்புகள், இரண்டு குதிரைகள், பலகை விளையாட்டுக் காய்கள் ஆகியன இருந்தன. ஆயுதம் இருந்தமையால் அது ஆணின் கல்லறை என்று நூறாண்டுக்கு மேல் எழுதிவந்தனர். 2017இல் வெளியான மரபணு ஆய்வு, அங்கே புதைக்கப்பட்டவர் பெண் என்று காட்டியது. ஆயுதத்துடன் புதைக்கப்பட்டவர் ஆயுதம் ஏந்தியவராகவே இருக்கவேண்டுமா என்று சிலர் எதிர்வினா எழுப்பினர். நியாயமான வினாவே, ஆனால் ஆண் என்று எண்ணியிருந்தவரை அவ்வினாவை அழுத்தமாக எழுப்பியவர் அரியர். தொடர் 2013இல் தொடங்கியபோது லகெர்த்தா வெறும் கதைமாந்தர். ஒளிபரப்பு நடந்துகொண்டிருந்தபோதே ஆய்வுலகம் அவளை நோக்கி ஓரடி எடுத்துவைத்தது.

பொன்னிற முடியும் நீலக்கண்ணும் உடைய தூய இனம் என்னும் படிமமும் இவ்வாறே ஆட்டம் கண்டது. 442 பண்டை மனிதரின் மரபணுக்களை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு, வைக்கிங் காலத்தார் பலர் தென்னைரோப்பிய, ஆசியக் கலப்புடையர் என்றும், ஆர்க்னித் தீவுகளில் வைக்கிங் வாளுடன் புதைக்கப்பட்ட சிலர் உள்ளூர் மரபினர் என்றும் கண்டது. ‘வைக்கிங்’ என்பது பழைய நார்சில் தொழிலைக் குறித்த சொல்; குலத்தைக் குறித்ததன்று. ரூன் எழுத்துகளை நாசிகள் தம் சின்னமாக்கியதையும், இனவெறிக் குழுக்கள் இன்றும் ஓடினையும் தோரையும் கொடிகளில் எழுதுவதையும் அறிந்தவர், வீரர்களின் அழகில் மட்டும் மயங்கி இத்தொடரைப் பார்த்தல் இயலாது. சுவீடனின் ஹெல்கோ தீவில் 1956இல் கிடைத்த சிறு புத்தர் படிமம் இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கில் செய்யப்பட்டது. அதனை எடுத்துச்சென்ற வணிகச் சங்கிலியில் எத்தனை இனத்தார் கைகள் இருந்தனவோ! அச்சங்கிலியின் மறுமுனையில் அடிமை வணிகமும் இருந்தது. பிடிக்கப்பட்ட மக்கள் டப்ளின் முதலிய இடங்களில் விற்கப்பட்டனர். தொடரில் அடிமைகள் பெரும்பாலும் பின்புலத்தில் நடமாடும் உருவங்களே. ஏதெல்ஸ்டன் ஒருவனே விதிவிலக்கு. காலக்குழப்பத்தைவிட இக்குறையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இறுதிக் காட்சி

ஆறாம் பருவத்தின் முடிவில், ராக்னாரின் மகன் உப்பேயும் கப்பல் தச்சன் ஃப்ளோக்கியும் வட அமெரிக்கக் கடற்கரை ஒன்றில் அமர்ந்து கதிரவன் மறைவதைப் பார்த்துக் கொண்டிருக்கின்றனர். ஆண்டைக் கணக்கிட்டால் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு முந்திவிட்ட காட்சி இது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் நார்சியர் தங்கிய இடத்தை 1960இல் ஹெல்கே இங்ஸ்டாட் கண்டறிந்தார். அவர் மனைவி ஆன் ஸ்டீனின் தலைமையில் அகழாய்வு நடைபெற்றது. அங்கே கிடைத்த மரத்துண்டுகளை 2021இல் மீண்டும் ஆராய்ந்தனர். 993இல் வீசிய ஒரு கதிர்வீச்சுப் புயல் உலகெங்கும் அவ்வாண்டின் மரவளையத்தில் அடையாளத்தைப் பதித்திருந்தது. அவ்வளையத்திலிருந்து பட்டைவரை எண்ணியபோது இருபத்தெட்டு வளையங்கள் இருந்தன. மூன்று வெவ்வேறு மரங்கள். மூன்றிலும் அதே எண்ணிக்கை. மூன்றிலும் இரும்பு முதலிய உலோகக் கருவியின் வெட்டுத்தடம். அம்மரங்களை வெட்டியவரின் பெயர் எந்தச் சாகாவிலும் இல்லை. வெட்டிய ஆண்டு மட்டும் 1021 என்று துல்லியமாகத் தெரிகிறது.